உள்ள ஒளிஞ்சிருக்கிற ஆறு நட்டு

போன வாரம் பினாங்கு பாலிக் பூலாவ்ல இருக்கிற கூட்டாளி ஒருத்தன் வாய்ஸ் அனுப்பியிருந்தான். "டேய் மச்சான், உன் டிராக்டருக்கு ஸ்பேசர் போட்டு செயின் எல்லாம் மாட்டுனியே, எப்படிடா இருக்கு, இப்ப வெல கொறஞ்சிருக்கு, வாங்கிரவா?" அவன் கேட்ட நேரம்தான் சரியில்ல. அன்னிக்குக் காலையிலதான் அதே ஸ்பேசருக்காக (சக்கரத்த வெளிய தள்ளி வைக்க நடுவுல மாட்டுற கட்டி) ஃபோர்மேன், அதாவது மெக்கானிக், கையில 420 வெள்ளி எண்ணிக் குடுத்துட்டு வந்து கோப்பி-ஓ கலக்கிட்டு இருந்தேன். உடனே பதில் போட்டிருந்தா நாலு கெட்ட வார்த்தைதான் போயிருக்கும். அதான் ஒரு வாரம் ஆறப் போட்டு இப்ப எழுதுறேன். ஆனா கோபம் இன்னும் முழுசா ஆறல, அதையும் சொல்லிடுறேன்.

நம்ம டிராக்டர் ஜப்பான்ல ஓடி முடிச்சு இங்க ரெக்கன்ல, அதாவது பழசுக்கு வேல பாத்து விக்கிற வகையில, வந்தது, 24 குதிரைசக்தி, 4 வீல், பின்னாடி 11.2-24 டயர், நெல் வயல்ல போடுற அந்த உயரக் கட்டை டயர்தான். அப்பா விட்டுட்டுப் போன அஞ்சு ஏக்கர், மாச்சாங் பூபோக் பக்கம், பாதி டுரியான், கீழ கொஞ்சம் செம்பனை. கீழ சமதளம், பிரச்சின இல்ல. மேல டுரியான் இருக்கிற எடந்தான் படிப்படியா வெட்டுன சரிவு, செம்மண்ணு, மழை பேஞ்சா சவுக்காரம் மாதிரி வழுக்கும். புல்லு வெட்ட ஸ்லாஷர் மாட்டிக்கிட்டுக் குறுக்கால போகும்போது கீழ் பக்கத்து டயர் ஒரு கல்லுப் பள்ளத்துல எறங்குனா போதும், வயித்துக்குள்ள எதையோ பெசையிற மாதிரி இருக்கும். அந்தப் பயந்தான் என்னைய ஸ்பேசர் வாங்க வச்சது, வேற எதுவும் இல்ல.

போன வருஷம் ஆகஸ்ட்ல போட்டேன். மழைக்கு முந்தி போட்டுரணும்னு. ஒரு பக்கத்துக்கு 2 இஞ்சு, ரெண்டு பக்கமும் சேத்து 4 இஞ்சு அகலம் கூடும். ஸ்பேசர் ஜோடி எல்லாம் சேத்து 1,450 வெள்ளி ஆச்சு. இப்ப மீட்டர்ல பாத்தா அதுக்கப்புறம் 310 மணி நேரம் ஓடியிருக்கு. ரெண்டு மழைக்காலம், நடுவுல ஒரு டுரியான் சீசன்.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன், இல்லன்னா கோபத்துல மறந்துருவேன். சரிவுல ஒக்காந்திருக்கிற நெனப்பே மாறிப் போச்சு. கணக்குப் போட்டுப் பாத்தா பெருசா ஒண்ணும் இல்லங்க, எடையோட நடு எடம் எவ்வளவு உயரத்துல இருக்கு, சக்கரம் எவ்வளவு அகலமா நிக்குதுன்னு வச்சுப் பாத்தா என் வண்டி கவிழாம சாயக்கூடிய கோணம் மூணு டிகிரிகூட கூடல. அதுவும் முன் ஆக்சில் நடுவுல ஒரே ஊசியில ஆடுற சாமான், அதனால சாயும்போது மொதல்ல தாங்குறது பின் சக்கரம் ரெண்டுந்தான், முன் சக்கரம் கடைசி நேரத்துலதான் வரும். அதனால மூணு டிகிரின்னாலும் அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. மூணாவது படியில மேல் பக்கமா ஒரு அங்கிஹே டுரியான் மரம் இருக்கு, அத சுத்தி வர்றப்ப முன்னாடி எல்லாம் சீட்லருந்து எந்திரிச்சு மேல் பக்கமா சாஞ்சுக்கிட்டுத்தான் ஓட்டுவேன். இப்ப ஒக்காந்தே ஓட்டுறேன். என் பொண்டாட்டி கீழருந்து பாத்துட்டு "என்னங்க இன்னிக்கு நல்ல புள்ளையா ஒக்காந்திருக்கீங்க"ன்னு கேட்டா.

இன்னொரு காரியம் டயர்ல தண்ணி. இத ஸ்பேசருக்கு முந்தியே செஞ்சிருந்தேன். குளிர் நாட்டுக்காரன் தண்ணி உறைஞ்சு போகும்னு உப்புக் கரைசல் அது இதுன்னு ஊத்தறான், நமக்கு எதுக்கு, பைப் தண்ணியே போதும். வால்வ மேல வச்சுட்டு அது வரைக்கும் ஊத்துனா முக்கால்வாசி நெரம்பும், என் டயருக்கு ஒண்ணுக்கு 150 லிட்டர் கிட்ட புடிச்சுச்சு. எடையோட நடு எடம் கீழ எறங்கிருச்சு. நெசமா சொல்லணும்னா காசில்லாம கெடச்ச இந்தத் தண்ணிதான் பாதி வேலைய செஞ்சது, ஸ்பேசர் மிச்சப் பாதி. ஆனா இதே தண்ணிதான் பின்னாடி என் இடுப்ப ஒடிச்சது, வர்றேன்.

செயின் கதை தனி. பனி கொட்டுற ஊர்ல வழுக்காம இருக்க டயர சுத்தி மாட்டுவாங்களே, அந்தச் சங்கிலிதான். மொதல்ல வாங்குனது ஏணி மாதிரி குறுக்குச் சங்கிலி தள்ளித் தள்ளி இருக்கிற வகை, வெல கொறச்சல். மாட்டிட்டுப் பாத்தா ஒவ்வொரு குறுக்குச் சங்கிலியும் டயர் கட்டைக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல போயி சுகமா படுத்துக்குச்சு. மண்ண தொடவே இல்ல. இந்த மாதிரி உயரக் கட்டை டயருக்கு ரெண்டு கண்ணிக்கு ஒண்ணுன்னு நெருக்கமா இருக்கிறதையோ, வைரம் மாதிரி பின்னி வர்றதையோதான் வாங்கணும். யாரும் சொல்லல, நானும் கேக்கல. அது இப்ப கேட்டுக்குப் பூட்டுச் சங்கிலியா தொங்குது. ரெண்டாவது தடவ வைரப் பின்னல் வாங்கினேன், 980 வெள்ளி, ரெண்டும் சேத்து 40 கிலோ கிட்ட. பக்கத்துத் தோட்டத்துச் சீன அங்கிள் வந்து பாத்துட்டு, "பனி எங்க கொட்டுது, ஜோர்ஜ் டவுன்லயா?"ன்னு மலாய்ல கேட்டுச் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. வீட்டுல "டிராக்டருக்குக் கொலுசு போட்டாச்சா"ன்னு ஆரம்பிச்சு இப்ப தெருவே அதுக்குக் கொலுசு வண்டின்னுதான் பேரு வச்சிருக்கு.

சிரிச்சுக்கட்டும். போன அக்டோபர்ல நாலு நாள் விடாம பேஞ்ச மழைக்கு அப்புறம் அதே அங்கிளோட பிக்கப் அவர் பாதையில மாட்டிக்கிச்சு, இழுத்துவிட்டது கொலுசு வண்டிதான். புடி அப்படி. சகதியில டயர் வழவழன்னு உருண்டையாகிப் போறது இல்ல, செயின் ஆடி ஆடி மண்ண உதறிடுது. ஆனா பின்னாடி மட்டும் இவ்வளவு புடி இருந்தா முன் சக்கரம் சொன்ன பேச்சு கேக்காது, திருப்புனாலும் பின்னாடி நேரா தள்ளிட்டே போகும். ரெண்டு தடவ மரத்துக்கு ஒரு முழம் பக்கத்துல போயி நின்னேன். எறங்கும்போது 4 வீல் போட்டுத்தான் எறங்கணும், ஏன்னா இந்தச் சின்ன டிராக்டருக்கு பிரேக் பின் சக்கரத்துலதான், 4 வீல் போட்டாத்தான் முன் சக்கரமும் சேந்து புடிக்கும். இது செயின் இல்லாதவங்களுக்கும்தான்.

இந்த செயினுக்காகவும் ஸ்பேசர் வேணும். முன்னாடி டயருக்கும் மட்கார்டுக்கும் 3 சென்டிமீட்டர்தான் இடைவெளி, செயின் போட்டா தகரத்த சீவிருக்கும். இப்ப 8 இருக்கு. ஆனாலும் கொக்கியோட வாய் டயர பாக்காம வெளிய பாத்து இருக்கணும், இல்லன்னா டயர குத்தும். கட்டுன பிறகு பத்து நிமிஷம் ஓட்டிட்டு எறங்கித் திரும்ப இழுத்துக் கட்டணும், மொத தடவ எப்பவும் தொளதொளன்னு ஆகிடும். தார் ரோட்டுல அதோட போகவே கூடாது. என் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவுல 600 மீட்டர் ரோடு இருக்கு, அதுக்காகவே தோட்டத்துலயே கழட்டி ஆணியில மாட்டிட்டு வர்றேன். மாட்ட நாப்பது நிமிஷம், கழட்ட இருவது.

டுரியான் வச்சிருக்கவங்க இன்னொண்ணு கவனிக்கணும். டுரியானுக்குச் சாப்பாடு எடுக்கிற வேர் எல்லாம் மேலாக்கத்தான் ஓடும். ஈர மண்ணுல செயின் போட்டு மரத்தடியில சுத்துனா அந்த வேர் எல்லாம் கிழியும். கிழிஞ்ச எடத்துல தண்ணியும் தேங்குனா ஃபைட்டோஃப்தோராங்கிற நோய்க்கிருமி உள்ள போக நாமளே கதவு தொறந்து விட்ட மாதிரி, அப்புறம் தண்டுல புண்ணு வச்சு பிசின் வடிய ஆரம்பிச்சா மரத்த காப்பாத்துறது பெரும் பாடு. அதனால செயின் பாதைக்கு மட்டும், மரத்துக்குக் கீழ கெடையாது. இத நான் மூணு வேர் கிழிச்ச பிறகுதான் கத்துக்கிட்டேன், டி24 டுரியான் மரம் ஒண்ணு, நல்ல வேள மரத்துக்கு ஒண்ணும் ஆகல.

இப்ப கோபத்துக்கு வர்றேன். ஸ்பேசர்னா என்ன, ஒரு உருண்டைக் கட்டி. அத ஆக்சில் முனையில சக்கரம் மாட்டுற ஹப்புல ஆறு நட்டு போட்டு முறுக்குறோம், அதுக்கு மேல சக்கரத்த இன்னொரு ஆறு நட்டு போட்டு முறுக்குறோம். வெளி ஆறு கண்ணுக்குத் தெரியும், எப்ப வேணும்னாலும் ரெஞ்ச் போட்டுப் பாக்கலாம். உள்ள இருக்கிற ஆறு? சக்கரத்துக்குப் பின்னாடி. அது தளர்ந்திருக்கான்னு பாக்கணும்னா சக்கரத்த கழட்டணும். கழட்டணும்னா தண்ணி ஊத்துன சக்கரம், ரிம்மோட சேத்து 240 கிலோ கிட்ட. புதுசா போட்டா ஒரு மணி நேரம் ஓடி ஒரு தடவ, 10 மணி நேரத்துல ஒரு தடவ, 50ல ஒரு தடவ பாக்கணும். ரெண்டு பக்கம், மூணு தடவ, ஆறு தடவ நான் அந்த 240 கிலோவ கிரீஸ் தடவுன தகரத்து மேல வச்சு இழுத்து, தள்ளி, ஓட்டைக்கு நேரா ஸ்டட்ட (நட்டு ஏறுற மரை போட்ட கம்பி) பாத்து, கையில ரத்தம் வந்து... இத விக்கிறவன் ஒரு வரி எழுதியிருக்கான் பாருங்க, "சுலபமாகப் பொருத்தலாம்". பொருத்துறது சுலபம்தான்டா. அப்புறம்?

நெசமா நான் ஆறு தடவ பாக்கல. இடது பக்கம் மூணு தடவ. வலது பக்கம் ஒரே தடவ. அங்கதான் வெனை.

போன மாசம் மூணாவது படியில புல்லு வெட்டிட்டு இருக்கேன், வலது பக்கம் டக்... டக்...ன்னு ஒரு சத்தம். செயின்தான்னு நெனச்சேன். செயின் போட்டு ஓட்டுனா அது எப்பவும் ஏதாவது தட்டிக்கிட்டேதான் இருக்கும், காது பழகிடும், அதுதான் ஆபத்தே. ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். ஒரு நாள் வெயில் அடிச்சு பாதை காஞ்சிருந்துச்சு, செயின கழட்டி ஆணியில மாட்டிட்டு கெளப்புறேன், டக்... டக்... அப்படியே நிறுத்திட்டு எறங்கிட்டேன். வெளி நட்டு ஆறும் கல்லு மாதிரி இருக்கு. ஜாக்கி போட்டு, கட்டை வச்சு, சக்கரத்த இழுத்துப் பாத்தா உள்ள ரெண்டு நட்டு வெரல்லயே சுத்துது, ஒரு ஸ்டட்டு தலை இல்லாம நிக்குது.

ஃபோர்மேன் வந்து ஒடஞ்ச துண்ட கையில எடுத்து என்கிட்ட காட்டினாரு. ஒரு பக்கம் வழவழன்னு அலை அலையா கோடு, கடைசி ஓரம் மட்டும் கரகரப்பு. "தம்பி, இது ஒரே அடியில ஒடஞ்சது இல்ல, கொஞ்சம் கொஞ்சமா பல நாள் ஆடி ஆடி வெடிச்சு, கடைசியா மிச்சம் இருந்த எடம் தாங்காம விட்டிருக்கு"ன்னாரு. அப்புறம் ஹப்ப வெரலால சொரண்டினாரு. ஆரஞ்சு பெயிண்ட். ரெக்கன் பண்ணி விக்கிற எடத்துல பாக்க அழகா இருக்கணும்னு ஹப்பு, ஸ்டட்டு எல்லாத்து மேலயும் கனமா அடிச்சு விட்டுருவாங்க. அந்தப் பெயிண்ட் மேல ஸ்பேசர ஒக்கார வச்சு முறுக்குனா, ஓட ஓட பெயிண்ட் நசுங்கும், நசுங்குன அளவுக்கு நட்டோட இறுக்கம் போயிரும். இடது பக்கம் நான் கம்பி பிரஷ் போட்டு வெள்ளையா தேச்சிருந்தேன். வலது பக்கம் தேய்க்க ஆரம்பிச்சப்ப மழை வந்துச்சு, இருட்டிக்கிட்டும் வந்துச்சு, "சரி, இது போதும்"னு போட்டுட்டேன். இடது பக்கம் இன்னிக்கு வரைக்கும் அசையல.

அப்ப தப்பு யார் பக்கம்? என் பக்கம்தான். மழைக்குப் பயந்து அர மணி நேரத்த மிச்சம் பண்ணுனவன் நான். ஸ்பேசர்ல வெடிப்பு இல்ல, ஓட்டை பெருசாகல, ஃபோர்மேனே "சாமான் நல்ல சாமான்"னாரு. ஆனா சொல்லுங்க, தளர்ந்தா தெரியாத எடத்துல நட்ட வச்சு, தெரிஞ்சுக்க 240 கிலோ தூக்கச் சொல்ற ஒரு சாமான நல்ல சாமான்னு எப்படி மனசார சொல்றது? வெளிய பாத்தா எல்லாம் கல்லு மாதிரி இருக்கும், உள்ள ஒருத்தன் செத்துக் கெடப்பான். வலது பக்கம் ஆறு ஸ்டட்டும் புதுசு, நட்டு, ஃபோர்மேன் தோட்டத்துக்கு வந்த கூலி, எல்லாம் சேத்துத்தான் அந்த 420.

மச்சான், உனக்கு. வாங்குறதுக்கு முந்தி உன் ரிம்ம பாரு. சில டிராக்டர்ல இடது சக்கரத்த வலது பக்கமும் வலத இடது பக்கமும் மாத்திப் போட்டா ரிம்மோட குழி வெளிப்பக்கம் திரும்பி அகலம் அதுவாவே கூடிரும், டயர் கட்டையோட தெசையும் சரியாவே இருக்கும். ஒரு காசு செலவில்ல, உள் நட்டும் கெடையாது. என் ரிம் ஏற்கெனவே அப்படித்தான் இருந்துச்சு, எனக்கு அந்த வழி இல்ல. உனக்கு இருந்தா அத செய்யி, அது பத்தலன்னா தண்ணி ஊத்து. செயின் வேணும்னா என்னோடத எடுத்துட்டுப் போ, உன் டயரும் அதே அளவுதான்.

ஸ்பேசர்? இந்தப் பதினாறு மாசத்துல டிராக்டருக்குச் செஞ்ச செலவுலயே உருப்படியானது அதுதான். அது இல்லாம மூணாவது படிக்கு நான் இனி ஏற மாட்டேன். ஆனா இன்னிக்கு என்கிட்ட கேட்டா, வாங்காத.

அப்புறம் இன்னொண்ணு. புது ஸ்டட்டு போட்டு நேத்தோட 10 மணி நேரம் ஓடிருச்சு, ஞாயித்துக்கெழம பசியாறிட்டு வலது சக்கரத்த கழட்டணும். நட்ட சரியான அளவுக்கு முறுக்குற டார்க் ரெஞ்ச் தீபாவளிக்கு முந்திலருந்து உன் வீட்டுலதான் கெடக்கு. கொண்டு வா. வர்றப்ப கையோட ஒரு ஆளையும் கூட்டிட்டு வா, எடை அதிகம்.