துணியில் பயோடேட்டா: புரட்டிப் பார்த்தால் எது தேறும்?

ஜவுளி வடிவமைப்பு படிப்பவர் தன் பயோடேட்டாவைத் துணியிலேயே செய்துகொண்டு போனால் நேர்காணல் அறையில் கவனம் கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. அந்தக் கவனம் சாதகமாக முடியுமா என்பது அவர் தேர்ந்தெடுத்த முறையைப் பொறுத்தது. கிண்டியிலோ அம்பத்தூரிலோ ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் நாள் முழுக்கத் துணியோடு புழங்குகிறவர். கைக்கு ஒரு துண்டு வந்ததும் விரலிடுக்கில் வைத்துக் கசக்கிப் பார்ப்பார், புரட்டிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். பெயரைப் படிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். ஆகவே இந்த அலசலையும் பின்பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துணிப் பிரதி எவ்வளவு நன்றாக வந்தாலும் பி.டி.எஃப். பயோடேட்டா தனியாக இருந்தே ஆக வேண்டும். இணைய விண்ணப்பப் படிவத்தில் துணியை ஏற்ற முடியாது. மனிதவளத் துறையினர் கணினியில் தேடுவதும் எழுத்துகளைத்தான். துணி நேரில் கொடுப்பதற்கு. அதனால் அதில் உங்கள் பள்ளி மதிப்பெண் வரை எழுத வேண்டிய அவசியம் இல்லை. பெயர், படிப்பு, கைவந்த திறன்கள், செய்த வேலைகள், தொடர்பு எண், இவை போதும். எழுத்து குறையக் குறைய முறைகளில் தேர்வு விரியும்.

கடையில் கொடுத்து வாங்குபவை

மலிவும் வேகமும் சப்ளிமேஷனில்தான். டி-ஷர்ட்டிலும் காபிக் கோப்பையிலும் படம் போட்டுத் தரும் கடைகள் செய்வது இதைத்தான். டிஸ்பர்ஸ் சாயத்தால் காகிதத்தில் அச்சிட்டு, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் துணியோடு வைத்து அழுத்துவார்கள்; சாயம் ஆவியாகி இழைக்குள் புகுந்துகொள்ளும். பொடி எழுத்தும் தெளிவாக விழும். ஆனால் இது பாலியெஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது. பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். அதைப் பார்த்த கணமே, இவர் ஒரு கோப்பைக் கடையில் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். நான்கு வருடம் ஜவுளி படித்தவர் கொடுக்க வேண்டிய செய்தி அதுவல்ல. ஒரே விதிவிலக்கு விளையாட்டு உடை நிறுவனங்கள். அங்கே சப்ளிமேஷன் அன்றாட வேலை. அப்படிப்பட்ட இடத்துக்கு விண்ணப்பித்தால், பாலியெஸ்டர் பின்னல் துணியில், ஜெர்சிக்குப் பொருத்தமான வடிவத்தோடு செய்துகொண்டு போகலாம்.

பருத்தியிலும் பட்டிலும் செய்யும் டிஜிட்டல் அச்சு வேறு கதை. இதில் இரண்டு வகை உண்டு. பிக்மென்ட் மை துணியின் மேல் ஒட்டிக்கொண்டு உட்காரும். அச்சிட்டுச் சூடேற்றினால் வேலை முடிந்தது. ரியாக்டிவ் மை பருத்தி இழையோடு வேதி முறையில் பிணைவது. அதற்குத் துணியை முன்கூட்டியே காரமும் யூரியாவும் சேர்த்துப் பதப்படுத்த வேண்டும். அச்சிட்ட பிறகு நீராவியில் வைத்து, ஒட்டாத சாயம் போகும்வரை அலச வேண்டும். ரியாக்டிவ் அச்சில் துணியின் மென்மை மாறாது, பின்பக்கமும் ஓரளவு நிறம் ஊறித் தெரியும். கடைக்காரரிடம் "என்ன மை போடுகிறீர்கள்?" என்று கேட்காமல் வந்துவிடும் மாணவர், நேர்காணலில் அதே கேள்வி திரும்பி வரும்போது விழிப்பார்.

டிஜிட்டலின் பெரிய சாதகம் கணக்கில் இருக்கிறது. 44 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டர் எடுத்தால் ஏ4 அளவில் நெருக்கி 15 பிரதிகள் அடங்கும். ஓரம் மடித்துத் தைக்க இடம் விட்டால் 12. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மீட்டர் போதும். அச்சு வடிவமைப்பாளர் வேலைக்குப் போகிறவர், பின்னணியில் தன் சொந்த ரிப்பீட் வடிவத்தை (திரும்பத் திரும்ப வரும் வடிவத்தை) ஓடவிட்டு, அதன் மேல் எழுத்தை வைத்தால், பயோடேட்டாவும் மாதிரித் துணியும் ஒன்றாகிவிடும். வெறும் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து அச்சிடுவதற்கு இந்த இயந்திரம் தேவையே இல்லை.

ஸ்கிரீன் பிரிண்டிங்: என் ஓட்டு

டிஜிட்டலுக்கு நேரடிப் போட்டி இதுதான். என் ஓட்டும் பெரும்பாலும் இதற்கே. காரணம் எளியது. சட்டத்தில் துணி கட்டி, ஒளி பட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசி, வெளிச்சம் காட்டிக் கழுவி, ஸ்க்வீஜி என்னும் ரப்பர் பட்டையைப் பிடித்து மையை இழுப்பது வரை எல்லாம் உங்கள் கையால் நடக்கும்; கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் பதில் உங்களிடமே இருக்கும். ஒரு முறை ஸ்கிரீன் தயாராகிவிட்டால் 10 பிரதி எடுப்பதற்கும் 50 எடுப்பதற்கும் கூடுதல் செலவு மையும் துணியும் மட்டுமே. கல்லூரி ஆய்வகத்தில் வசதி இல்லையென்றால் திருவல்லிக்கேணிப் பக்கம் விசாரித்தால் ஸ்கிரீன் செய்து தருபவர்கள் கிடைப்பார்கள்.

இதன் பலவீனம் பொடி எழுத்து. திருமணப் பைகளில் அச்சிடப் பயன்படும் பெரிய கண் வலையில் 9 பாயிண்ட் எழுத்தை இழுத்தால் 'அ'வும் 'ஆ'வும் ஒன்றாகக் குழம்பிவிடும். சென்டிமீட்டருக்கு 77 அல்லது 90 இழை உள்ள நெருக்கமான வலை வேண்டும். அப்படியும் 10 பாயிண்டுக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் என்பதால் இரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தக் கட்டுப்பாடே வடிவமைப்பைச் சீராக்கும்.

புரட்டிப் பார்த்தால்? நல்ல ஸ்கிரீன் அச்சில் பின்பக்கம் மை திட்டுத்திட்டாகக் கசிந்திருக்காது. கசிந்திருந்தால் மை நீர்த்திருக்கிறது, அல்லது அழுத்தம் அதிகம். அனுபவசாலி அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். பிறகு ஈர விரலால் ஒரு முறை தேய்ப்பார். மையைத் துணியோடு பிடித்துவைக்கும் பைண்டர் போதாமலோ சூடு காட்டாமலோ விட்டிருந்தால் உங்கள் பெயர் அவர் விரலில் ஒட்டும். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கா போன மெட்ராஸ் கட்டத் துணி துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டது. அங்கிருந்தவர்கள் அதையே பெருமையாக விளம்பரப்படுத்தி விற்றார்கள். வேலை கேட்டுப் போகிறவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. கொண்டுபோகும் முன் வெள்ளைத் துணியால் உலர்வாக ஒரு முறை, ஈரமாக ஒரு முறை நீங்களே தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

கலம்: யாரும் நினைக்காத வழி

கலம்காரி என்றால் மாணவர்கள் மயிலையும் மரத்தையும் நினைக்கிறார்கள். அது அடிப்படையில் பேனாவால் துணியில் எழுதும் கலை. பேனாவால் எழுதுவது பயோடேட்டாவுக்கு இயல்பாகவே பொருந்தும் என்பது ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை. கூர் சீவிய மூங்கில் குச்சியில் கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டினால் கலம் தயார். சுற்றியதை மெல்ல அழுத்தினால் மை இறங்கும். இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்தால் கறுப்பு மை. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் முக்கி உலர்த்த வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்துதான் கறுப்பாகிறது; பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது.

பின்பக்கம் இங்கேதான் உண்மையில் வெல்கிறது. மை இழைக்குள் இறங்கி மறுபக்கமும் தெரியும்; கையால் எழுதியதன் தடுமாற்றமும் அழுத்தமும் அப்படியே இருக்கும். ஏ4 அளவு இதற்குப் போதாது. எழுத்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வரும் என்பதால் 30 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் நீளம் உள்ள சுருளாக வைத்துக்கொண்டால் எழுபது, எண்பது சொற்கள் அடங்கும். பால் வாடையை முழுக்கப் போக்க வேண்டும். குளிரூட்டிய அறையில் சுருளை விரிக்கும்போது அது முதலில் தெரியும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் நெசவோடு இயற்கைச் சாயக் கலம்காரிப் பிரிவும் இருக்கிறது. தரமணியில் உள்ள ஆடை வடிவமைப்புக் கல்லூரியான நிஃப்ட் மாணவர்களுக்கு அது பக்கம். அங்கே வேலை நடப்பதைப் பார்த்துவிட்டு முயலலாம்.

இதைச் செய்யக்கூடாதவர்களும் உண்டு. வேகமாக மாதிரிகளைத் தயாரித்துத் தரும் வணிகப் பணியாளரைத் தேடும் நிறுவனம், வாரக்கணக்கில் புளித்த மையைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடும். கைவினை அமைப்புகள், இயற்கைச் சாய ஆடை நிறுவனங்கள், அருங்காட்சியகப் பாதுகாப்புப் பணி, மேற்படிப்பு நேர்காணல் என்றால் இதைவிட நல்ல தேர்வு கிடையாது.

ஊசியும் தறியும்

கணினி எம்பிராய்டரியில் முழு பயோடேட்டாவையும் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். வழக்கமான 40ஆம் எண் நூலில் எழுத்து உயரம் 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் உருக்குலையும். அந்த அளவில் ஒரு பக்கம் முழுக்கத் தைத்து, பின்னால் தாங்குதாளும் ஒட்டினால் துணி பலகைபோல விறைத்துவிடும். பின்பக்கமோ வெள்ளை பாபின் நூலின் காடு. பெயரை மட்டும் தைப்பது அழகு.

கைத்தையலுக்கும் அதே அறிவுரைதான், காரணம் மட்டும் வேறு: நேரம். ரவிக்கை ஆரி வேலை செய்யும் கைகள் சென்னையில் தெருவுக்குத் தெரு இருப்பதால், கொடுத்துச் செய்யச் சொல்லும் சபலம் வரும். கொடுப்பதில் தவறில்லை, "வடிவம் என்னுடையது, தையல் இன்னாருடையது" என்று ஓரத்தில் குறித்துவிட வேண்டும். ஆரியில் முன்னால் சங்கிலி, பின்னால் ஒற்றைக் கோடு. அந்தக் கோட்டின் சீரைப் பார்த்தே பழகிய கையா புதிய கையா என்று கண்டுபிடிப்பவர்கள் இந்தத் துறையில் நிறைய.

நெசவு எல்லாவற்றிலும் கவர்ச்சியானது, எல்லாவற்றிலும் கடினமானதும் அதுவே. கல்லூரியின் நான்கு அல்லது எட்டுச் சட்ட மேசைத் தறியில் ஓடும் எழுத்தை நெய்ய முடியாது. பாவு (நெடுக்கு) இழைகளைத் தனித்தனியே தூக்கும் ஜக்கார்டு கருவி வேண்டும், இல்லையேல் ஊடையை (குறுக்கு இழையை)க் கையால் கோத்துக் கோத்து எழுத வேண்டும். 1839இல் பிரான்ஸின் லியோன் நகரில் அந்தக் கருவியை உருவாக்கிய ஜக்கார்டின் உருவப்படத்தையே சுமார் 24,000 துளையிட்ட அட்டைகள் கொண்டு பட்டில் நெய்தார்கள். பார்த்தவர்கள் அதைச் செதுக்கி அச்சிட்ட படம் என்று நினைத்தார்கள். அச்சைப் போலத் தெரியும் அளவுக்குத் துல்லியமாக நெய்துவிட்டால், அது நெசவு என்று காட்டவே துணியைப் புரட்ட வேண்டியிருக்கும். பின்னால் மிதக்கும் இழைகள்தான் சாட்சி. மாணவருக்கு நடைமுறையில் ஒத்துவருவது, நான்கு விரல் அகலப் பட்டை ஒன்றை மட்டும் நெய்து, அச்சிட்ட துணியின் தலைப்பில் கரையாக இணைப்பது. பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் உள்ள நெசவாளர் சேவை மையத்தில் வழி கேட்கலாம். நெசவு வடிவமைப்பாளர் பணிக்கு அந்தப் பட்டை ஒன்றே பேசிவிடும்.

மற்ற இரண்டு

சயனோடைப்புக்குச் சென்னை வெயில் வரப்பிரசாதம். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த இந்த நீல அச்சு முறைக்கு இரண்டு ரசாயனங்களும் ஒரு பிலிமும் கண்ணாடியும் போதும். ஆனால் பூசிய துணி இருட்டில் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது லேசில் காயாது. காரத்தன்மையுள்ள தண்ணீர் நீலத்தை வெளுத்துவிடும் என்பதால் போர்வெல் தண்ணீரைத் தவிர்த்துக் கேன் தண்ணீரில் அலசலாம். நீலம் பிடித்தவர்களுக்கு நல்லது. அதற்கு மேல் இது எந்த வேலைக்கான திறனையும் நிரூபிப்பதில்லை.

மர அச்சுக்கட்டையில் வாக்கியங்கள் வராது. பெயரைத் தமிழில் பெரிதாகச் செதுக்கி, கண்ணாடியில் தெரிவதைப்போல எழுத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டால், மூலையில் ஒரு முத்திரையாக நிற்கும்.

எதைத் தேர்வது, எந்தத் துணியில்

ஏற்றுமதி நிறுவனம், வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ஆடை வாங்கித் தரும் பையிங் ஹவுஸ் என்றால் ஸ்கிரீன். அச்சு வடிவமைப்புக்கு ரியாக்டிவ் டிஜிட்டல். கைவினை சார்ந்த இடங்களுக்குக் கலம். எந்த வேலைக்குப் போவது என்றே இன்னும் தீர்மானிக்காதவர் ஸ்கிரீனில் எழுத்தும் ஒரு மூலையில் கைத்தையலுமாகச் செய்துகொள்ளட்டும்.

துணியைப் பொறுத்தவரை, காடா பார்க்க அழகாக இருக்கும். அதன் பருத்திக்கொட்டைத் துகள்கள் பொடி எழுத்தைக் கெடுக்கும். எழுத்துக்குப் பாப்ளின்தான் ஏற்றது. பாரிமுனை கோடவுன் தெருவில் மொத்தக் கடைகள் இருந்தாலும், இரண்டு மீட்டருக்காக அங்கே போய் நிற்பதைவிடத் தியாகராய நகரில் சில்லறையாக வாங்குவது நிம்மதி. வாங்கியதும் துவைத்துக் கஞ்சியைப் போக்கி, சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகே அச்சுக்குப் போக வேண்டும். மடித்தால் மடிப்புத் தடம் எழுத்தின் மேல் விழும், சுருட்டித்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

சட்டைக் கழுத்தில் இருப்பதைப்போலப் பராமரிப்பு லேபிளில் தொடர்பு விவரம் அச்சிடும் யோசனை எல்லோருக்கும் வருகிறது; அலுத்துப்போன ஒன்று. அந்த இடத்தில் துணியின் உண்மையான விவரத்தைப் போடுங்கள்: நூல் எண், அங்குலத்துக்குப் பாவு, ஊடை எத்தனை, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், என்ன சாயம். 40 × 40 (நூல் எண்), 133 × 72 (பாவு, ஊடை எண்ணிக்கை) என்று எழுதியிருந்தால், எதிரில் இருப்பவர் மேசை இழுப்பறையிலிருந்து லென்ஸை எடுத்து எண்ணிப் பார்க்கவும் கூடும். ஆகவே கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதாமல், முதலில் நீங்கள் எண்ணிவிடுங்கள்.