பக்கம் மாற்றுவது எப்போது? கடிகாரமா, குழந்தையா, ஒரே பக்கமா?

என் சித்தி மகளுக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. ரங்கூனில் தாம்வே பக்கம், நான்காவது மாடி. கீழ்வீட்டுப் பர்மாக்காரப் பாட்டி 45 நாள் மீட்வின், அதாவது பிரசவித்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய நாட்களின் கணக்குச் சொல்கிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் தீட்டுக் கணக்குச் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்து அவளைப் படியிறங்க விடவில்லை. அதனால் வாரத்துக்கு இரண்டு முறை நான்தான் மாடியேறிப் பார்த்துவிட்டு வருகிறேன். போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: "அக்கா, எப்ப அடுத்த பக்கம் மாத்தணும்?"

அவளுக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். மாமியார், பத்துப் பத்து நிமிடம் இரண்டு பக்கமும் சமமாகக் கொடு, இல்லாவிட்டால் ஒரு பக்கம் வற்றிவிடும் என்கிறார். எடை பார்க்க வரும் செயாமா (மருத்துவச்சி), முதல் பக்கம் முடியட்டும், அப்புறம் மறுபக்கம் காட்டு என்கிறார். கூட வேலை பார்க்கும் தோழி, ஒரு வேளைக்கு ஒரே பக்கம்தான், கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு என்கிறாள். மூவருமே அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்த்துவிட்டு அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள். மூத்தவனுக்கு ஒரு முறை, இளையவளுக்கு வேறு முறை. எது எங்கே உதவியது, எது எங்கே கெடுத்தது என்று அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முறைகளை ஒப்பிடும் முன் பால் எப்படி இறங்குகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். முன்பால், பின்பால் என்று மார்புக்குள் இரண்டு வகைப் பால் தனித்தனியாக இல்லை. ஒரே பால்தான். அதிலுள்ள கொழுப்புத் துளிகள் பால் சுரக்கும் நுண்ணறைகளின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. பால் வடிய வடியத்தான் அவை கழன்று வெளியே வருகின்றன. அதனால் மார்பு கனத்திருக்கும்போது முதலில் வருவது நீர்த்திருக்கும், போகப் போகக் கொழுப்பு ஏறும். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் குடித்த பக்கம் என்றால் முதல் மிடறிலேயே கொழுப்பு கூடுதலாக இருக்கும். ஆக, கொழுப்பு எவ்வளவு என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அந்தப் பக்கம் எவ்வளவு காலியாகியிருக்கிறது என்பதுதான். எத்தனை நிமிடம் என்பதல்ல.

இன்னொன்று, இறைக்கிற கிணறுதான் ஊறும். மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு மெதுவாகும், காலியானால் வேகமெடுக்கும். இதில் இரண்டு பக்கமும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. மாமியார் சொன்ன "வற்றிவிடும்" என்ற பயத்தில் உண்மை இருப்பது இங்கேதான்.

கடிகாரம் பார்த்து மாற்றுவது

முதலில் மாமியார் சொன்ன முறை. இது பழைய பாட்டிகளின் வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிகாரமே இல்லாத வீட்டில் பத்து நிமிடத்தை யார் கணக்குப் பார்த்திருப்பார்கள்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழந்தை வளர்ப்பு நூல்கள்தான் நேரக் கணக்கைப் பரப்பின. நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் பால், இரவில் கூடாது என்றே போதித்தார்.

மூத்தவனுக்கு நான் இந்த முறையைத்தான் பின்பற்றினேன். பிரசவம் பார்த்த இடத்தில் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். இரவு இரண்டு மணி, கரண்ட் இருக்காது. கொசுவலைக்குள் உட்கார்ந்து ஒரு கையில் குழந்தை, மறு கையில் போன். எனக்குப் பால் நிறையவே இருந்தது. அவன் மெதுவாகக் குடிக்கிறவன். ஏழு எட்டு நிமிடம் கழித்துத்தான் நிதானமாக விழுங்கத் தொடங்குவான். பத்தாவது நிமிடம் போன் அதிரும், நான் வாயிலிருந்து எடுத்துவிடுவேன். அவன் கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு அலறுவான். அடுத்த பக்கத்திலும் கனத்த மார்பின் நீர்த்த பால்தான் கிடைக்கும். வயிறு உப்பி, பச்சையாக நுரை நுரையாகப் போவான். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசி. "பால் பத்தலை, டப்பாப் பால் வாங்கு" என்று வீட்டில் பேச்சு தொடங்கியது. பால் பத்தாமல் இல்லை. இருந்த பாலை முழுசாகக் குடிக்க நான் விடவில்லை.

இதை 1988இல் லான்செட் இதழில் வூல்ரிட்ஜ், ஃபிஷர் என்ற இருவர் எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. பாதியிலேயே பக்கம் மாற்றினால் குழந்தைக்குக் கொழுப்பு குறைந்த பால் அதிக அளவில் போகிறது, அது வயிற்றிலிருந்து சீக்கிரம் குடலுக்கு இறங்கிவிடுகிறது, அத்தனை பால்சர்க்கரையையும் ஒரே நேரத்தில் செரிக்க முடியாமல் வாயு சேருகிறது என்பது அவர்கள் விளக்கம். என் பிள்ளைக்கு நடந்தது அப்படியே அதுதான். போன் அலாரத்தை நிறுத்திவிட்டு அவனாக விடும்வரை ஒரே பக்கம் விட்டேன். சில நாளிலேயே மலம் மஞ்சளானது.

கடிகாரத்துக்கு ஒரே ஒரு நல்ல பயன் உண்டு. கடைசியாக எப்போது குடித்தான் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மற்றபடி, ஒரு பிள்ளை ஐந்து நிமிடத்தில் முடிக்கும், இன்னொன்று அரை மணி எடுக்கும். இருவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

குழந்தை விடும்வரை, அப்புறம் மறுபக்கம்

செயாமா சொன்னது இது. உலக சுகாதார நிறுவனமும் குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுக்கச் சொல்கிறது. என் மனசும் இந்தப் பக்கம்தான். ஆனால் "முடிந்தது" என்று எப்படித் தெரியும் என்று யாரும் தங்கச்சிக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் போன வாரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பார்த்தோம்.

வாயில் வைத்ததும் குட்டிக் குட்டியாக வேகமாகச் சப்பினாள். இது பாலை வரவழைக்கிற சப்பு. ஒரு நிமிடம் போயிருக்கும், தங்கச்சியின் மறுபக்கத்துச் சட்டை நனைந்தது. பால் இறங்குவது இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான். உடனே சப்பு மாறியது. தாடை ஆழமாக இறங்கி, ஒரு கணம் நின்று, மேலே வந்தது. அந்த நிறுத்தத்தில்தான் வாய் நிறையப் பால். பிறகு 'க்' என்று மெல்லிய விழுங்கும் சத்தம், ஒரு மூச்சு, மறுபடியும் தாடை. கை இரண்டும் முஷ்டியாகக் கன்னத்தோடு இறுகியிருந்தன. பன்னிரண்டு நிமிடம் போல அப்படியே போனது. அப்புறம் விழுங்கல் குறைந்து உதடு மட்டும் படபடத்தது. முஷ்டி விரிந்து விரல்கள் தளர்ந்தன. கொஞ்ச நேரத்தில் அவளாகவே வாயை விட்டுத் தலையைச் சாய்த்தாள். தோளில் போட்டு ஏப்பம் எடுத்து, மறுபக்கம் காட்டினோம். நாலு வாய் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். அவ்வளவுதான். அந்த நாலு வாயும் சரி, அதுவும் வேண்டாம் என்றிருந்தாலும் சரி.

இதில் தவறு எங்கே நடக்கிறது என்றால், உதடு படபடப்பதையும் குடிப்பதாக நினைத்து முக்கால் மணி நேரம் அப்படியே வைத்திருப்பதில். விழுங்கல் நின்று, மார்பை மெதுவாக அழுத்திப் பார்த்தும் விழுங்கவில்லை என்றால் அந்தப் பக்கம் இப்போதைக்கு முடிந்தது. விடட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மாற்றலாம்.

அடுத்த வேளை, இரண்டாவதாகக் காட்டிய பக்கத்தில் தொடங்க வேண்டும். மாமியாரின் பயத்துக்கு இது போதும், இரண்டு பக்கமும் ஊறும். எந்தப் பக்கம் என்று தூக்கக் கலக்கத்தில் நினைவிருக்காது. எங்கள் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவுக்குக் கயிறு தொங்கும், நுனியில் இரும்புக் கிளிப் இருக்கும். பேப்பரையோ சாப்பாட்டுப் பொட்டலத்தையோ கீழே இருப்பவர் அதில் மாட்டிவிட்டால் இழுத்துக்கொள்வோம். அந்தக் கயிற்றுக்கு உபரியாக வாங்கியிருந்த சின்னக் கிளிப்பை நான் சட்டை விளிம்பில் மாட்டிக்கொள்வேன், அடுத்து தொடங்க வேண்டிய பக்கத்தில். இப்போது அது தங்கச்சியிடம் இருக்கிறது.

ஒரு வேளைக்கு ஒரு பக்கம் மட்டும்

தோழி சொன்னதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். அதை எல்லோருக்கும் விதியாக்குவதுதான் தவறு. 2006இல் ஆஸ்திரேலியாவில் 71 தாய்மாரை 24 மணி நேரம் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஒன்று முதல் ஆறு மாதம் வரையான குழந்தைகள், தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள். அவர்களில் 30 சதவீதம் எப்போதும் ஒரே பக்கம். 13 சதவீதம் எப்போதும் இரண்டு பக்கம். மற்ற 57 சதவீதம் ஒரு வேளை இப்படி, ஒரு வேளை அப்படி. எல்லாக் குழந்தைகளும் நன்றாகத்தான் வளர்ந்தார்கள். குழந்தைகள் குடித்தது மார்பில் இருந்த பாலில் சராசரி 67 சதவீதம்தான். "முழுசாகக் காலியாக்கினால்தான் சத்து" என்று பயந்து ஒரே பக்கத்தில் பிடித்து வைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

ஒரு பக்கத்திலேயே வயிறு நிறைந்து தூங்கும் குழந்தைக்கு ஒரு பக்கம் போதும். ஆனால் முதல் சில வாரத்தில் மறுபக்கத்தையும் காட்டாமல் விடாதீர்கள். சுரப்பு நிலைப்படுகிற நேரம் அது. மூன்றாம் நாளிலிருந்து பால் கட்டிக் கல்லாகும்போது ஒரு பக்கத்தை அப்படியே விட்டால் வலி தாங்காது.

இதையே இன்னும் நீட்டி, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தை எத்தனை முறை கேட்டாலும் ஒரே பக்கம் கொடுக்கும் முறையும் உண்டு. இது மருந்து மாதிரி. பால் மிக அதிகமாகச் சுரந்து, பீய்ச்சி அடித்து, குழந்தைக்குப் புரையேறுகிறவர்களுக்குச் சுரப்பைக் குறைக்க இதைச் சொல்வார்கள். தெரிந்த பெண் ஒருத்தி இரண்டாம் வாரத்திலேயே தானாக இதைத் தொடங்கினாள். ஒரு பக்கம் கட்டிச் சிவந்து காய்ச்சல் வந்தது. அது தணிந்த பிறகு பார்த்தால் சுரப்பும் இறங்கிவிட்டது, மீட்க ஒரு மாதம் ஆனது. தாய்ப்பால் விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

தூங்கிப் போகும் குழந்தைக்கு

என் இளையவள் இரண்டு வாரம் முன்னதாகப் பிறந்தவள், 2 கிலோ 400 கிராம். கொஞ்சம் காமாலையும் இருந்தது. வாயில் வைத்தால் மூன்று நிமிடத்தில் தூங்குவாள். மூத்தவனிடம் கற்ற பாடத்தை நம்பி "அவளாக விடட்டும்" என்று காத்திருந்தேன். அவள் விடவில்லை, குடிக்கவும் இல்லை. பத்தாம் நாள் எடை பார்த்தபோது பிறந்த எடைக்குத் திரும்பவில்லை.

அப்போதுதான் செயாமா வேறு முறை காட்டினார். விழுங்கல் குறைந்ததும் நான்கு விரல் கீழே, கட்டைவிரல் மேலே வைத்து மார்பை மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். கனடா மருத்துவர் ஜாக் நியூமன் நிறையப் பேருக்குச் சொல்லிக் கொடுத்த வழி இது. அழுத்தினால் பால் கொஞ்சம் பாய்ந்து, மூன்று நான்கு மிடறு விழுங்குவாள். அதுவும் நின்றால் உடனே அடுத்த பக்கம். மாற்றும் அசைவிலேயே கண் திறப்பாள். அங்கேயும் நின்றால் திரும்ப முதல் பக்கம். ஒரு வேளைக்கு இரண்டு சுற்று. எடை ஏறி, தூக்கம் தெளிந்த பிறகு இந்த முறையை விட்டுவிட்டோம். அதுவரை சீக்கிரம் மாற்றியதுதான் அவளைக் காப்பாற்றியது.

எங்கள் ஏப்ரல் வெயிலில் குழந்தைகள் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் குடித்துவிட்டு விடுவதும் உண்டு. தாகத்துக்கு நீர்த்த பாலே போதும். ஆறு மாதம்வரை தனியாகத் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். மியான்மரில் தனியார் வேலைகளில் பிரசவ விடுப்பு 14 வாரம், அதில் பிரசவத்துக்குப் பின் 8 வாரம்தான். பகல் முழுக்கக் கட்டியிருந்த மார்போடு வீடு வந்தால் இரண்டு பக்கமும் கொடுத்துவிடுங்கள், குழந்தை ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டால் மற்றதைப் பீய்ச்சி எடுங்கள்.

எந்த முறை உங்கள் பிள்ளைக்குச் சரி என்பதைப் பிள்ளையின் உடம்பே காட்டும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும், பிறகு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். இது நடந்தால் யார் என்ன சொன்னாலும் முறையை மாற்றாதீர்கள். நடக்கவில்லை என்றால் ஒரு நாளும் தள்ளிப் போடாமல் குழந்தையைக் காட்டுங்கள்.

தங்கச்சிக்குக் கடைசியாகச் சொல்லிக் கொடுத்தது, குடிக்கிற குழந்தையை எடுக்க வேண்டி வந்தால் எப்படி எடுப்பது என்று. இழுக்கக் கூடாது, காம்பு புண்ணாகிவிடும். கழுவிய சுண்டுவிரலை வாயின் ஓரத்தில், ஈறுகளுக்கு நடுவே விட வேண்டும். 'டப்' என்று காற்றுப் புகும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு எடுத்தால் தானாக வந்துவிடும்.