பலேனோவா, ஐ20-ஆ? கியரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

மாருதி பலேனோவா, ஹூண்டாய் ஐ20-ஆ என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, ஆட்டோமேட்டிக்கா மானுவலா என்றுதான். மானுவல் என்றால் பேச்சு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இரண்டும் நல்ல வண்டி. எதில் உட்கார்ந்தால் மனசுக்குப் பிடிக்கிறதோ அதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். ஆட்டோமேட்டிக் என்றால் அப்படி முடிக்க முடியாது. விலைப்பட்டியலில் இரண்டுமே ஆட்டோமேட்டிக்தான். ஓட்டினால் இரண்டும் வேறு வேறு ரகம்.

எங்கள் குடும்பத்தில் இரண்டும் இருக்கின்றன. என்னுடையது 2022-இல் புது முகத்தோடு வந்த பலேனோ ஏஜிஎஸ். அக்கா வீட்டில் அதே வருடம் எடுத்த ஐ20 ஐவிடி. ஏஜிஎஸ், ஐவிடி என்பவை அந்தந்தக் கம்பெனி தன் ஆட்டோமேட்டிக்குக்கு வைத்த பெயர்கள். இரண்டு வீடும் கோவையில், நடந்து போகிற தூரம். ஊருக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், அம்மா வருகிறாரா, யார் வண்டி சர்வீஸில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சாவி கை மாறும். அதனால் இரண்டையும் ஊருக்குள்ளும், சேலம் பைபாஸிலும், வால்பாறை மலையிலும் நன்றாகவே ஓட்டிப் பழகிவிட்டேன்.

தாளில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பலேனோ 3990 மி.மீ. நீளம், ஐ20 3995. எஞ்சின் இரண்டிலும் 1197 சிசி, டேங்க் இரண்டிலும் 37 லிட்டர். மேல் வேரியன்ட்டுகளில் டயர் அளவுகூட ஒன்றுதான், 195/55 ஆர்16. இது தற்செயல் இல்லை. நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள் இருந்தால்தான் சின்னக் காருக்கான குறைந்த வரி. அந்தக் கோட்டை உரசிக்கொண்டு இரண்டு கம்பெனியும் வண்டியைச் செய்திருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி 18 சதவீதமாக இறங்கிவிட்டது. நாங்கள் வாங்கியபோது செஸ்ஸோடு சேர்த்து 29. இப்போது ஷோரூமிலிருந்து மாலை போட்டு வருகிற வண்டிகளைப் பார்த்தால் லேசாக வயிறு எரிகிறது, வேறொன்றுமில்லை.

சரி, கியருக்கு வருவோம். பலேனோவில் ஏஜிஎஸ் என்ற பெயரில் இருப்பது ஏஎம்டி என்கிற ரகம். அடியில் சாதாரண ஐந்து கியர் மானுவல்தான். கிளட்சை விலக்குவதையும் கியரைத் தள்ளுவதையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கிளட்ச் விலகி, இழுவை ஒரு கணம் அறுந்து, மறுபடி சேரும். ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் போகும்போது உள்ளே இருப்பவர்களின் தலை முன்னால் போய்த் திரும்பும். அக்கா வீட்டு மாமா முதல் தடவை ஓட்டிவிட்டு இறங்கியதும் சொன்னார்: “மாப்ள, நீ என்ன சொன்னாலும் உன் வண்டி தலையாட்டுது.”

இதற்கு வைத்தியம் உண்டு. கியர் மாறப்போகிற நேரம் காதுக்குத் தெரிந்துவிடும். அப்போது ஆக்சிலரேட்டரை ஒரு நூல் தளர்த்தினால் குலுக்கல் பாதியாகிவிடும். கொஞ்ச நாளில் கால் தானாகவே அதைச் செய்யும். ஆனால் வண்டியை வேறு யாராவது ஓட்டும்போது, பின் சீட்டில் அமர்ந்து நாம் தலையாட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஐ20-இல் மாறுவதற்குக் கியர் என்று ஒன்று கிடையாது. இரண்டு கப்பி, அவற்றை இணைக்க ஒரு சங்கிலி. கப்பிகள் விரிந்து சுருங்கி விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். 2025 அக்டோபரில் மேம்பாலம் திறக்கும்வரை அவிநாசி சாலையில் மாலை நேரம் எப்படி இருந்தது என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர்தலில் ஐ20-இல் பிரேக்கை விட்டால் வழுக்கிக்கொண்டு நகரும், மிதித்தால் நிற்கும். பலேனோவும் நகரும், ஆனால் முன்வண்டியோடு கொஞ்சம் இடைவெளி விட்டு ஓட்டினால்தான் நிம்மதி. அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ வந்து நுழையும் என்பது தனிக் கதை.

மலையில்தான் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் நுழையும்போது காலை எடுப்போம். “சரி, வேகம் வேண்டாம் போல” என்று ஏஎம்டி மூன்றாவது கியருக்குப் போய்விடும். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து, எதிரே அரசுப் பஸ் மூக்கை நீட்டுகிற நேரத்தில் மிதித்தால், அது மூன்றை விட்டு இரண்டைத் தேடும். அந்த ஒரு கணம் வண்டி முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. அதனால் மலை ஏறும்போது நான் லிவரை ‘எம்’ (மானுவல்) பக்கம் தள்ளி இரண்டாவது கியரிலேயே வைத்துக்கொள்வேன். கண்ணாடிக்கு முன்னால் எழுந்து நிற்கிற அந்தச் சின்ன டிஸ்ப்ளே, பலேனோ விளம்பரத்தில் பெரிதாகக் காட்டியது, எனக்கு உண்மையில் பயன்படுவது அங்கேதான்: எந்தக் கியரில் இருக்கிறோம் என்று ரோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் தெரிகிறது. இறக்கத்திலும் அதே இரண்டாவது கியர் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு ஓய்வு.

ஐ20-இல் அந்த யோசனையே தேவையில்லை, மிதித்தால் ஏறும். ஆனால் சத்தம் முதலில் வரும், வேகம் அப்புறம்தான் வரும். ஐந்து பேரும் பெட்டிகளும் இருந்தால் எஞ்சின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டே ஏறும். பைபாஸில் லாரியை முந்தும்போதும் இதே கதைதான். பலேனோவில் 90 குதிரைத்திறன், ஐவிடியில் 88. இந்த இரண்டு குதிரைகளால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பலேனோவின் எடை ஆயிரம் கிலோவுக்குள் இருப்பதுதான் அதற்குச் சாதகம். ஒருமுறை சரியான கியரில் விழுந்துவிட்டால் துள்ளிக்கொண்டு போகும்.

ஏஎம்டி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சாய்வில், முன்னால் வண்டி நிற்கும்போது ஆக்சிலரேட்டரை அரைகுறையாக மிதித்து வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள். கிளட்ச் அரைப்பிடிப்பில் தேய்ந்துகொண்டே இருக்கும், சீக்கிரம் செலவு வைக்கும். பிரேக்கில் நில்லுங்கள். ஹில் ஹோல்ட் இருக்கிறது, பிரேக்கை விட்டதும் வண்டி உடனே பின்னால் உருளாது.

மைலேஜில் மாமா வாயைத் திறப்பதில்லை. கம்பெனிக் கணக்கே ஏஜிஎஸ்ஸுக்கு லிட்டருக்கு 22.94, ஐவிடிக்கு 19.65. நம் ரோட்டில் பலேனோ ஊருக்குள் 15-ஐ ஒட்டியும் பைபாஸில் 20-ஐ ஒட்டியும் தருகிறது. ஐ20 ஊருக்குள் 11, 12. பைபாஸில் நிதானமாகப் போனால் 17. ஏஎம்டியின் தலையாட்டலுக்குக் கிடைக்கிற கூலி இதுதான். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் எல்லா பங்க்கிலும் வந்த பிறகு இரண்டிலுமே கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு, எந்த வண்டியாக இருந்தாலும் அது காட்டத்தான் செய்யும்.

பின் சீட்டுக்கு எங்கள் வீட்டில் நீதிபதி அம்மாதான். ஐ20 அகலம் 1775 மி.மீ., பலேனோ 1745. சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளமும் ஐ20-இல் 60 மி.மீ. அதிகம். மூன்று பேர் உட்கார ஐ20 மேல். தொடைக்குத் தாங்கலும் அதில்தான் நன்றாக இருக்கிறது. ஆனால் அம்மாவின் தீர்ப்பு பலேனோவுக்கு. ஐ20-இன் பின் ஜன்னல் மேல்நோக்கி ஏறிச் சிறுத்துவிடுகிறது, உள்ளே எல்லாம் கறுப்பு. “குகைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு, ரோட்டுல என்ன வருதுன்னே தெரியல” என்பார். மூட்டுவலிக்காரர்களுக்கு இரண்டு வண்டியுமே தாழ்வுதான், இறங்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டும்.

அப்புறம் இந்தத் தகர விவகாரம். பலேனோ கதவைச் சாத்தினால் லேசான சத்தம், ஐ20 கதவு கனமாக மூடும். கல்யாண வீட்டுப் பார்க்கிங்கில் பானெட்டைத் தட்டிப் பார்த்து “இது டப்பா” என்று சொல்ல எப்போதும் ஒரு பெரியப்பா இருப்பார். மோதல் சோதனையில் தெரிவதைக் கதவுச் சத்தத்தில் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு ஏர்பேக் இருந்த ஐ20 2022-இல் குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனையில் மூன்று நட்சத்திரம் வாங்கியது. பலேனோ 2025-இல் நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப்பில் நான்கு. இரண்டும் வேறு வேறு சோதனை, எனவே நான்கு மூன்றைவிடப் பெரிது என்று நேராகக் கூட்டிக் கழிக்க முடியாது. 2023 செப்டம்பருக்குப் பிறகு வந்த ஐ20-இல் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் உண்டு. பழைய வண்டி தேடுகிறவர்கள் எந்தக் கார் என்பதைவிட எத்தனை ஏர்பேக் என்று கேளுங்கள்.

ஐ20-இல் பைபாஸ் வேகத்தில் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் குறைவு. மேல் வேரியன்ட்டுகளில் சன்ரூஃப் உண்டு, பலேனோவில் எதிலும் கிடையாது. கோவை வெயிலில் அக்கா அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. குழந்தைகள்தான் கேட்பார்கள்.

இப்போது வாங்குகிறவருக்கு என் கணக்கு இது. மாதம் முழுக்க ஓட்டம், அதில் பெரும்பகுதி பைபாஸ் என்றால் பலேனோ ஏஜிஎஸ். அதே வண்டி டொயோட்டா கிளான்ஸா என்ற பெயரிலும் கிடைக்கும். தினமும் சிக்னலிலிருந்து சிக்னலுக்கு ஊர்கிறவர், பெட்ரோல் பில்லைப் பார்த்துப் பதறாதவர், ஐ20 ஐவிடி எடுக்கலாம். பலேனோதான் வேண்டும், குலுக்கலும் கூடாது என்றால் பழைய வண்டிச் சந்தையில் 2022-க்கு முந்தைய பலேனோ சிவிடி தேடலாம், அதுவும் ஐ20 போலக் கப்பி ரகம்தான். புது முகம் வந்தபோதுதான் அதைத் தூக்கிவிட்டு ஏஎம்டி வைத்தார்கள். எதை எடுப்பதாக இருந்தாலும், டெஸ்ட் டிரைவை ஷோரூம் பையன் காட்டுகிற காலி ரோட்டில் முடித்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். அப்படியே ஒரு பேஸ்மென்ட் சாய்வில் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள்.