ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஐபி கட்டுப்பாடு: காரைக்குடி அலுவலகத்தில் இரண்டு வருடப் பயன்பாடு

ஆத்தங்குடிக் கல் வியாபாரத்தில் வெளியே போகக்கூடாதது விலைப்பட்டியலும் தள்ளுபடிக் கணக்கும்தான். பில் போடுபவர் தன் பாஸ்வேர்டை வீட்டில் அடித்து அதை எடுத்துவிடக் கூடாது. அதற்காகத்தான், எங்கள் வணிகக் கணக்கு மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்ட்டில், குறிப்பிட்ட இணைய முகவரியிலிருந்து (ஐபி) மட்டும் உள்ளே விடும் இந்தக் கட்டுப்பாடு. காரைக்குடியில் பழைய வீடு ஒன்றில் அலுவலகம், ஆத்தங்குடியில் பட்டறை.

யூசர் பக்கத்தில் செக்யூரிட்டி செட்டிங்ஸ் பகுதியில் 'ரெஸ்ட்ரிக்ட் ஐபி' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் முகவரியை எழுதிச் சேமித்தால் முடிந்தது. பல முகவரி என்றால் இடையில் காற்புள்ளி. கம்ப்யூட்டரில் தெரியும் 192.168 என்று தொடங்கும் எண்ணை இங்கே போடாதீர்கள். அது அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் எண், சர்வர் அதைப் பார்ப்பதே இல்லை. சர்வர் பார்க்கும் எண் அதே பகுதியில் 'லாஸ்ட் ஐபி' கட்டத்தில் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

முகவரியைப் பாதி மட்டும் எழுதினாலும் ஏற்கும். இதில் ஒரு கண்ணி உண்டு. எழுத்துகள் தொடக்கத்தில் பொருந்துகிறதா என்று மட்டும்தான் மென்பொருள் பார்க்கிறது. 203.0.11 என்று விட்டால் 203.0.110 முதல் 119 வரை எல்லாமே உள்ளே வரும். கடைசியில் புள்ளி வைத்து 203.0.11. என்று எழுதுவதே சரி.

சாதாரண பிராட்பேண்டில் கரண்ட் போய் மோடம் மறுபடி எழுந்தால் எண் மாறிவிடலாம்; காலையில் மொத்த அலுவலகமும் வெளியே நிற்கும். எனவே மாறாத முகவரியான ஸ்டாட்டிக் ஐபி வாங்காமல் இதைத் தொடவே வேண்டாம். ரூட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், ஒரே பொது எண்ணைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிடுகிறார்கள். அந்த எண்ணை அனுமதித்தால் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்து அனுமதித்ததாகிவிடும்.

அதிகம் படுத்தியது சுவர்தான். முகப்பில் வைத்த வைஃபை வளவைத் (நடு முற்றப் பகுதியை) தாண்டி, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்கு வரும்போது ஒரு கோடு சிக்னலாகிவிடும். சரக்குக் கணக்கெடுப்பவரின் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவும், எண் மாறும், உள்ளே நுழைய விடாது. பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்து ரீசெட் கேட்பார். இரண்டாம் கட்டுவரை லான் கேபிள் இழுத்து தனி ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வைத்து, அந்தப் போனில் மொபைல் டேட்டாவையும் அணைத்த பிறகுதான் நின்றது.

லைன் ஐபிவி6 என்ற புதிய, நீண்ட முகவரி முறையிலும் போகிறதென்றால் அந்த முகவரியின் முன்பாதியையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிரவுசர் ஒரு நேரம் விடும், ஒரு நேரம் தடுக்கும்.

வெளியூர்ப் பயணம் போகும் விற்பனையாளருக்கு இந்தப் பூட்டு ஒத்துவராது. அவருக்கு இரு கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு ஒரு முறைக் குறியீடும் கேட்பது) போட்டு, அது உள்ளவருக்கு ஐபி சோதனை வேண்டாம் என்ற டிக்கை வைத்துவிடலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் ஐபி கட்டவே கூடாது, சொந்தச் சாவியைக் கிணற்றில் போட்ட கதையாகிவிடும்.

இணைய நிறுவனத்தை மாற்றினால், பழைய எண்ணை அன்றைக்கே எல்லா யூசரிடமிருந்தும் நீக்குங்கள். அது அடுத்து வேறொருவர் கைக்குப் போகும்.