சிங்க் தூள் ஒரு கிலோ பாக்கெட்: சம்பாவில் அடித்துப் பார்த்த கதை

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். தண்ணீர் கட்டி நிற்கும் களிமண் வயல். வீட்டுச் சாப்பாட்டுக்கென்று நாலு மாவில் (மூணு மா ஒரு ஏக்கர்) மட்டும் வெள்ளைப் பொன்னி நெல் போடுவேன். போன சம்பாவில் நட்ட இருபதாம் நாள் அடி இலையெல்லாம் துரு ஏறியதுபோல் புள்ளி விழுந்து, பயிர் திட்டுத்திட்டாகக் குன்றி நின்றது. நோய் மருந்து வாங்கத்தான் கிளம்பினேன். மண் பரிசோதனை அட்டையில் துத்தநாகம், அதாவது சிங்க், குறைவு என்று போட்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதே புள்ளியை வடக்கே கெய்ரா நோய் என்பார்கள். அது கிருமி வேலை இல்லை, துத்தநாகக் குறைதான் என்று 1966-இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நெனே என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார்.

கடையில் இரண்டு விதம் இருந்தது. ஒன்று 21 சதவீத சிங்க் சல்பேட், கல் உப்பு மாதிரி இருக்கும். இன்னொன்று அதே சல்பேட்தான், சிங்க் 33 சதவீதம் உள்ள தூள், ஒரு கிலோ பாக்கெட். உறையில் நெற்கதிர் படமும் ‘சத்தான அரிசி’ என்ற வாசகமும். அதற்கு மயங்கித்தான் தூளை வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைக்காரர், “எதுக்குண்ணே ஸ்ப்ரே, டிஏபியோட கலந்து வீசிடுங்க” என்றார். அப்படிச் செய்தால் துத்தநாகமும் டிஏபி உரத்தில் இருக்கும் பாஸ்பரஸும் ஒன்றையொன்று பிடித்துக் கரையாத உப்பாகிவிடும். நல்லவேளை, கேட்கவில்லை.

முதல் குறை அளவு. உறையில் ‘ஏக்கருக்கு ஒரு பாக்கெட்’ என்பதோடு சரி, டேங்குக்கு எவ்வளவு என்று இல்லை. வழக்கமான சிபாரிசு 21 சதவீத உப்பு லிட்டருக்கு 5 கிராம். அந்தக் கணக்கில் இந்தத் தூள் 3 கிராம் போதும், 16 லிட்டர் டேங்குக்கு 50 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் 600 கிராம். இரண்டு முறை அடிக்க ஒரு பாக்கெட் போதாது.

முதல் டேங்கில் சுண்ணாம்பு சேர்க்காமல் தூளை மட்டும் கரைத்து அடித்ததில் இலை நுனி கருகியது. அது என் தவறு. அப்புறம் சுண்ணாம்பை ராத்திரியே ஊறவைத்து, தெளிந்த நீரைச் சேர்த்தேன். கருகல் நின்றது, ஆனால் நாசில் அடைக்க ஆரம்பித்தது. பழைய வேட்டியில் வடிகட்டித்தான் மிச்சத்தை அடித்து முடித்தோம்.

பலன்? பத்து நாளில் புது இலை பச்சையாக வந்தது. அடிக்காமல் விட்ட ஒரு மா இன்னும் சில நாள் மஞ்சளாகவே நின்றது. அறுப்பில் அடித்த மாவுக்கு 12 மூட்டை, அடிக்காததில் 11 சொச்சம். ஒரு மூட்டைக்குக் குறைவான இந்த வித்தியாசத்தை மருந்துக்கு மட்டும் எழுத எனக்கு மனசில்லை. அந்த மா கொஞ்சம் பள்ளம்.

உறையிலிருந்த ‘சத்தான அரிசி’க்கு வருகிறேன். மணியில் துத்தநாகம் ஏற வேண்டுமானால் பயிர் பச்சையாக இருக்கும்போது அடித்தால் மட்டும் போதாது. பூத்த பிறகு, பால் பிடிக்கிற சமயத்தில் இலையில் அடிக்க வேண்டும். உறையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை! நான் இரண்டாவது பாக்கெட் வாங்கி, பூத்து ஒரு வாரம் கழித்து சாயங்காலம் அடித்தேன். காலையில் பூ விரிந்திருக்கும், அப்போது அடிக்கக் கூடாது. துருக்கியில் 1990-களில் இஸ்மாயில் சாக்மாக் என்ற விஞ்ஞானியின் குழுவினர் துத்தநாக உரத்தால் கோதுமை விளைச்சலையே தூக்கிக் காட்டினார்கள். இலைவழி அடித்தால் கோதுமை மணியில் துத்தநாகம் நன்றாக ஏறும், நெல்லில் அந்த அளவுக்கு ஏறாது. ஏறியதிலும் ஒரு பங்கை மில்லில் தவிட்டோடு விட்டுவிட்டு வருகிறோம்.

ஆக, என் வீட்டுச் சோற்றில் எவ்வளவு கூடியது என்று நாக்கால் சொல்ல முடியாது. “போன வருஷச் சோறு மாதிரிதான் இருக்கு” என்றாள் மனைவி. ரெண்டு தீட்டு குறைத்துத் தரச் சொல்லி மில்காரரிடம் கேட்டிருக்கிறேன், பார்ப்போம்.

அடியுரமாகப் போட நினைப்பவர்களுக்கு இந்தத் தூள் வேண்டாம். 21 சதவீத உப்பே ஏக்கருக்கு 10 கிலோ, மணலில் கலந்து நடவுக்கு முன் தூவினால் போதும். பயிரில் புள்ளி விழுந்தபின் அவசரத்துக்கு அடிக்க இது நல்ல சரக்கு, சீக்கிரம் கரைகிறது. பிரித்த பாக்கெட்டை டப்பாவில் போட்டு மூடுங்கள். என் மிச்சம் பரணில் செங்கல்லாகிவிட்டது. ஐந்துக்கு மூன்றரை. அடுத்த சம்பாவுக்கும் இதைத்தான் வாங்குவேன், வேறு கடையில்.