தள்ளிவிடுவதா, ஒதுக்கி வைப்பதா, பழக்குவதா? பயந்த பிள்ளைக்கும் பயந்த நாய்க்கும் எது சரி

நம்ம ஊரில் பிள்ளை எதற்காவது பயந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "ரெண்டு தடவ தண்ணியில முக்கி எடு, எல்லாம் சரியாயிரும்" என்பார் மாமா. "சின்னப் பிள்ளைக்கு என்னத்துக்குக் கடலு? வளந்தப்பொறவு போட்டும்" என்பார் பாட்டி. வீட்டு நாய் வெடிச் சத்தத்துக்கு நடுங்கும்போதும் இதே இரண்டு கட்சிதான். மூன்றாவது வழி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது. என் ஓட்டு அதற்கு. ஆனால் எல்லா நாளைக்கும் அது ஒத்துவராது.

முதலில் தள்ளிவிடும் வழி. சொத்தவிளைக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். அலைக்குள் இறக்கிய பிள்ளை அலறும், அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீர் படாமல் காலை மடக்கும். நாலைந்து அலைக்கு அப்புறம் அழுகை நின்றுவிடும். "பாத்தியா, பயம் போச்சு" என்று எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், தோள் இறுகியிருக்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. அது தைரியம் இல்லை, உறைந்துபோய் நிற்கிறது. 1967-இல் செலிக்மன், மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தப்ப வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பிறகு தப்ப வழி இருந்தும் முயற்சிகூடச் செய்யவில்லை. அமைதியானதை வைத்துப் பயம் தீர்ந்தது என்று முடிவு கட்டுவது அவ்வளவு ஆபத்து.

நாய் முன்கூட்டியே சொல்லிவிடும், நாம்தான் கவனிப்பதில்லை. வால் காலிடுக்கில் போகும், காது பின்னால் மடியும், உதட்டை நக்கும், தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விடும், கண்ணோரத்தில் வெள்ளை தெரியும். இவ்வளவும் பலிக்காதபோதுதான் உறுமும். உறுமியதற்கு அடி கொடுத்தால், அடுத்த தடவை உறுமாமலே கடிக்கக்கூடும்.

ஒதுக்கி வைப்பதில் அன்றைக்கு நிம்மதி உண்டு. அந்த நிம்மதியே பயத்துக்குத் தீனி. விலகியே இருந்தால், அலை காலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகும் என்று பிள்ளை எப்போது தெரிந்துகொள்ளும்? முட்டத்திலும் குளச்சலிலும் வளரும் பிள்ளைக்குக் கடலை எத்தனை நாள் மறைப்பது?

ஆனால் பயந்த பிள்ளையைத் தூக்கி அணைப்பதையும் இதோடு சேர்த்துத் திட்டுகிறார்கள், அது தப்பு. பயம் அடம் இல்லை, கொஞ்சினால் கூடுவதற்கு. ஒரு வயதுப் பிள்ளை சந்தேகம் வந்தால் அம்மா முகத்தைத்தான் பார்க்கும். பள்ளம்போல் தோன்றும் கண்ணாடித் தரையில் குழந்தைகளை விட்டுச் செய்த ஒரு சோதனை 1985-இல் வெளியானது. அம்மா சிரித்த முகம் காட்டியபோது பெரும்பாலான குழந்தைகள் தவழ்ந்து கடந்தன. பயந்த முகம் காட்டியபோது ஒன்றுகூடக் கடக்கவில்லை. பயந்த கோளாறு என்று ஓதிக் கயிறு கட்டும் வழக்கத்தையும் நான் குறை சொல்லமாட்டேன், அதில் அம்மாவின் பதற்றமாவது அடங்கும். காய்ச்சல், வாந்தி இருந்தால் மட்டும் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இனி பழக்கும் வழி. அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் எழுதிய பீட்டர் என்ற பையனுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை, முயலைக் கண்டால் நடுக்கம். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்து, கூண்டில் இருந்த முயலை அவன் தாங்கும் தூரத்தில் வைத்து, மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்தார். பயமில்லாத மற்றப் பிள்ளைகளும் கூட விளையாடினார்கள். இடையில் அவன் நோயில் படுத்தான், ஒரு பெரிய நாய் வேறு மிரட்டியது, பழைய பயம் திரும்பிவிட்டது. மறுபடி பழக்கியதும், கடைசியில் முயலைத் தடவவே செய்தான். பின்னடைவு வந்ததும் "இது சரிவராது" என்று கைவிடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

கடற்கரையில் இதைச் செய்வது லேசு. அலை எட்டாத காய்ந்த மணலில் வாளியும் சிரட்டையும் கொடுத்து விளையாட விடுங்கள். மறுநாள் ஈர மணலில் குழி தோண்டலாம். பிள்ளை பின்வாங்கினால் நீங்களும் கூடவே பின்வாங்குங்கள். எவ்வளவு தூரம் என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும், இந்த முறையின் உயிரே அதுதான்.

நாய்க்கு, செல்போனில் பதிந்த வெடிச் சத்தத்தை மிகக் குறைவாக வைத்து, முள் எடுத்த அவித்த மீனைக் கொடுக்கலாம். தின்ன மறுத்தால் சத்தம் அதிகம் என்று பொருள். இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அடுத்த வாரம் அம்மன் கொடையோ கோயில் திருநாளோ என்றால் இதை ஆரம்பிக்காதீர்கள். அந்த இரவுக்கு ஒதுக்கி வைப்பதுதான் சரி. ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, வீட்டின் நடு அறையில் பழைய சாக்கை விரித்து, யாராவது பக்கத்தில் இருங்கள். வெளியே கட்டிப்போட வேண்டாம். சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும் அளவுக்குப் பயம் என்றால், கால்நடை மருத்துவரை முன்னாடியே பார்த்தால் வெடி தொடங்கும் முன் கொடுக்க மருந்து எழுதித் தருவார்.