செத்த ஆளுக்கு மாற்று ஆள்: மூன்று விதிகள்

சேலம் ஹஸ்தம்பட்டியில் ஒரு மொட்டைமாடி அறை. ஞாயிறு சாயங்காலம் நாலு பேர், நடுவில் தட்டுவடை செட்டும் பகடையும். போன வாரம் ஆட்டத்தில் நண்பன் தன் விசுவாசமான ஆளை இருட்டுக்குள் முன்னே போகச் சொன்னான்; ஆள் குழியில் விழுந்து செத்தான். நண்பன் அசரவே இல்லை. பென்சிலில் எழுதியிருந்த பேரை ரப்பரால் அழித்துவிட்டு, "சரி, அடுத்தவன் எப்ப வருவான் மாப்ளே?" என்றான்.

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்; ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அதில் இதற்குப் பதிப்புக்கு ஒரு பதில் உண்டு.

1978 விதிப்புத்தகத்தில் ரேஞ்சர் என்ற காட்டுவீரன் பாத்திரம் 10ஆம் நிலையை எட்டினால் 2 முதல் 24 பேர் வரை தேடி வருவார்கள். செத்தால் போனதுதான், மாற்று கிடையாது. கூலிக்கு வேண்டுமானால் ஆள் பிடிக்கலாம். படிக்க உருக்கமாக இருக்கும். ஆட்டத்தில் எவனும் ஆள்களைக் குகைக்குக் கூட்டிப்போக மாட்டான். எல்லாரும் கோட்டையில் உட்கார்ந்து சோறு தின்பார்கள்.

2003இன் 3.5 பதிப்பு மாற்று ஆளைத் தருகிறது, ஆனால் 1 முதல் 4 மாதம் ஆகும். தப்பு தலைவனுடையது என்றால் ஒரு வருஷம்கூட இழுக்கும். கடுமையாகத் தெரிகிறதா? கணக்குப் போடுங்கள். தலைவன் 8ஆம் நிலை, கவர்ச்சி +3, இரண்டும் சேர்ந்து தலைமைப் புள்ளி 11. வலதுகை ஆள் தலைவனைவிட இரண்டு நிலையாவது கீழே இருக்க வேண்டும், ஆக 6ஆம் நிலை. அவன் சாவுக்கு -2, தோல்விப் பேருக்கு -1, புள்ளி 8. புத்தக அட்டவணைப்படி அந்தப் புள்ளிக்குப் புதியவன் 5ஆம் நிலையில் வருவான். ஒரே ஒரு நிலைதான் நஷ்டம்! மாதக்கணக்கும் அப்படித்தான். கதைக்குள் ஓடும் நாள்களை எண்ணாத மேசையில் "நாலு மாசம் ஏற்காட்டில் ஓய்வு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

1981இன் அடிப்படைப் பதிப்புதான் எனக்குப் பிடித்தது. ஊருக்குப் போய் ஆள் தேடி, சம்பளம் பேசி, இரண்டு பகடை உருட்ட வேண்டும். சராசரிக் கவர்ச்சிக்கு 4 ஆள் வரை, அவர்கள் மனஉறுதி 7; கவர்ச்சி 18 என்றால் 7 ஆள் வரை, மனஉறுதி 10. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் மனஉறுதிச் சோதனை உண்டு, தோற்றால் கிளம்பிவிடுவான். அதனால் உயிரோடு இருப்பவனையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வாரம் இதையே வைத்தோம். நண்பன் உருட்டினான், விழுந்தது 2. 2 என்றால் வெறுப்பு, இனி அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் -1. பக்கத்து ஊர் மூன்று நாள் நடை. ரப்பரைப் பையில் போட்டுவிட்டான்.